சம்பந்தி தோளில் ஏறிய கோட்டு

அக்-தாஷ்,
6 பிப்ரவரி 2000

என் அன்பான ஊசிக்காரிக்கு,

உன் அண்ணி புருல்கான் ஏக்கத்தோடு எழுதும் சலாம். நீ நலமா, உன் வீட்டுக்காரர் நலமா, பிள்ளை நலமா, தையல் மிஷின் முன்னால் குனிந்து குனிந்து வலிக்கும் அந்த முதுகு நலமா? இங்கே நாங்கள் எல்லோரும் நலம். நான்கு ஆடுகளும் நலம். ஐந்தாவதைப் பற்றி விசாரிக்காதே, போன மாதக் குளிரில் போய்விட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணனுக்கு வேலை கிடைத்திருக்கிறது! கடவுள் கண் திறந்தார். ஏரிக்கரை ஆரோக்கிய விடுதியைப் பழுது பார்த்து மறுபடி திறக்கிறார்கள். வரவேற்பு வாசலில் நிற்க ஆள் வேண்டுமாம். முத்திரை குத்திய கடிதமே வந்துவிட்டது. மே மாதம் பத்தாம் தேதி காலை எட்டு மணிக்கு ஆஜராக வேண்டும்.

மோட்டார் தொழிற்சாலை மூடி எட்டு வருஷம் ஆகிறது. அறுபது பேரை மேய்த்த மனிதர் எட்டு வருஷமாக சோபாவில் கிடக்கிறார். முதல் இரண்டு வருஷம் அக்கம்பக்கத்து ரேடியோக்களைப் பிரித்துப் போட்டார். அப்புறம் அதுவும் இல்லை. காலையில் பத்து மணிக்கு எழுந்திருக்கிறார், தேநீர் குடிக்கிறார், ஜன்னலைப் பார்க்கிறார். நான் பேசினால்தான் பேச்சு.

கடிதத்தின் கடைசி வரியில்தான் முள் இருக்கிறது. கறுப்பு கோட்டு, பேன்ட், வெள்ளைச் சட்டை, கறுப்பு ஷூ, எல்லாம் சொந்தமாகக் கொண்டுவர வேண்டுமாம். இல்லாவிட்டால் வரிசையில் அடுத்த ஆள். ஷூ இருக்கிறது. சட்டையை நான் தேற்றிவிடுவேன். கோட்டுக்கு எங்கே போவேன்? கல்யாணத்துக்குத் தைத்ததைப் பூச்சி தின்றுவிட்டது.

"தங்கச்சிக்கு எழுதவா? அவ தையல்காரிதானே?" என்று கேட்டுப் பார்த்தேன். என்ன சொன்னார் தெரியுமா?

"கட்டிக்குடுத்த பொண்ணுக்குப் பொறந்த வீடு துணி எடுத்துக் குடுக்கணும். அவகிட்டேர்ந்து நான் வாங்கறதா? அதுக்கு இந்த சோபாவிலேயே செத்துப்போறேன்."

கடிதத்தைக் கடிகாரத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். அதனால் அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். ஏதாவது செய், கண்ணே. இந்த வேலை கைநழுவினால் இந்த மனிதரை இனி என்னால் எழுப்ப முடியாது.

என் மகள் பெகிமாய் தன் அத்தைக்கு முத்தம் தரச் சொன்னாள். பெண்ணுக்கு இருபது ஆகிவிட்டது, இன்னும் முத்தத்தை என் மூலமாகத்தான் அனுப்புகிறாள்.

உன்னை நெஞ்சோடு அணைக்கும்,
அண்ணி

*

பிஷ்கெக்,
19 பிப்ரவரி

அன்புள்ள அண்ணிக்கு,

அனார்குல் வணங்கி எழுதுவது. உங்கள் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு மிஷினில் தலையை வைத்து அழுதேன். பக்கத்து மிஷின்காரி, "யாரு செத்தாங்க?" என்று கேட்டாள். "எங்க அண்ணனுக்கு வேலை கிடைச்சிருக்கு" என்றேன். பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

எங்கள் பட்டறையில் ஓர் அலமாரி இருக்கிறது. இதுவரை உங்களுக்கு எழுதியதில்லை. பல வருஷம் வேலை இல்லாமல் இருந்தவர்களுக்கு வேலை கிடைக்கும், ஆனால் முதல் நாள் போட்டுக்கொண்டு போகத் துணி இருக்காது. போன வருஷம் ஒரு வெல்டர் கையில் வேலைக் கடிதத்தோடு பனியில் வீட்டுச் செருப்பில் வந்து நின்றார். அன்றைக்குத்தான் நாங்கள் எட்டுப் பெண்களும் உட்கார்ந்து பேசினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மீந்த துணியில் தைக்கிறோம். சமையல்காரனுக்கு வெள்ளை அங்கி, பள்ளிக்கூடத்து ஆயாவுக்குப் பாவாடை, காவலாளிக்குக் கோட்டு. சாவி என்னிடம்தான்.

ஒரே விதிதான், அண்ணி. வேலைக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் துணியில் கத்தரி வைக்க மாட்டோம். ஒருவன் பொய் சொல்லிக் கோட்டை வாங்கிப் போய்ச் சந்தையில் விற்றுவிட்டான். அப்புறம் ராய்சா அக்கா விதி போட்டாள். ராய்சா அக்காவிடம் யாரும் வாலாட்ட முடியாது.

இப்போது கறுப்புத் துணி ஒரு கோட்டு சூட்டுக்குத்தான் இருக்கிறது. கலீனா என்று ஒரு ரஷ்யப் பெண்மணி அண்ணனுக்கு முன்னால் வரிசையில் இருக்கிறாள். ஆறு வருஷமாக வேலையில்லை. நீதிமன்றத்தில் எழுத்தர் வேலை கிடைத்திருக்கிறது. அவளுக்கும் கறுப்புதான் வேண்டும். ராய்சா அக்காவிடம் கெஞ்சினேன். "ஒங்க அண்ணனுக்குன்னா சரி, ஆனா கலீனா முகத்தை நீதான் பாத்துச் சொல்லணும்" என்றாள். சொன்னேன். அவள் "பரவாயில்லம்மா" என்றாள். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அண்ணன் வாங்க மாட்டார் என்பது எனக்குத் தெரியாதா? அதற்கும் வழி யோசித்துவிட்டேன். என் வீட்டுக்காரரின் அண்ணன் புது வீடு கட்டிக் குடிபோனார். சம்பந்திகள் எல்லோருக்கும் முறைப்படி தோளில் புதுத் துணி போட்டு கியித் மரியாதை செய்தார்கள். நீங்கள் வரவில்லை. உங்களுக்கு உரியதை இப்போது அனுப்புவதாக வெள்ளைத் துணியில் கட்டி, மிட்டாய் வைத்து, என் மாமியார் பேரிலேயே அனுப்புகிறேன். சம்பந்தி வீட்டு கியித்தை வேண்டாம் என்று சொல்லும் ஆண்பிள்ளை நம் ஊரில் பிறந்திருக்கிறானா?

அளவும் வேலைக் கடிதத்தின் நகலும் உடனே அனுப்புங்கள்.

உங்கள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்,
அனார்குல்

*

அக்-தாஷ்,
28 பிப்ரவரி

என் கெட்டிக்கார ஊசிக்காரிக்கு,

சலாம். எல்லோரும் சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

அளவு எடுத்துவிட்டேன்! பட்டபாட்டைக் கேள். மத்தியானம் சோபாவில் தூங்கும்போது ஆட்டுக் கயிற்றால் மார்பை அளந்தேன். கண்ணைத் திறந்துவிட்டார்.

"என்னடி பண்றே?"

"நீங்க மெலிஞ்சுட்டீங்கன்னு பாக்கறேன்."

"கயிறு போட்டா பாப்பாங்க? கசாப்புக்காரனைக் கூப்பிட்டிருக்கியா?"

பெகிமாய் சிரித்த சிரிப்பில் காரியம் கெட்டிருக்கும். அளவுகள் எல்லாம் தனித்தாளில் இருக்கின்றன. இடது தோள் வலது தோளைவிட இரண்டு விரல் தாழ்வு, அது உனக்கே தெரியும். மோட்டார் விழுந்த தோள் அல்லவா?

வேலைக் கடிதத்தை நம் தபால்காரி நகல் எடுத்துக் கொடுத்தாள். அவளிடம் ரகசியம் சொல்லியிருக்கிறேன். ஊருக்கே தெரியாமல் இருந்தால் ஆச்சரியம்.

கடிகாரத்துக்குப் பின்னால் இருக்கிற கடிதத்தை அவர் எடுத்துப் பார்க்கிறார். நான் உள்ளே வந்தால் செருகிவிடுகிறார்.

ஆயிரம் முத்தங்களுடன்,
அண்ணி

*

பிஷ்கெக்,
17 மார்ச்

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நவ்ரூஸ் பண்டிகை வாழ்த்துகளை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

கோட்டு புறப்பட்டுவிட்டது! இன்று காலை பஸ் நிலையத்தில் உங்கள் ஊர் வேன் ஓட்டும் ஒற்றைப் பல் தாத்தாவிடம் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டுதான் ஓட்டுவேன் என்றார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, அண்ணி. உள்துணி ராய்சா அக்கா தைத்தாள், பித்தான்துளை எல்லாம் நான். இடது தோளுக்குள் பஞ்சு வைத்துத் தூக்கியிருக்கிறேன். நிமிர்ந்து நிற்பார். வாசலில் நிற்கிற வேலைதானே?

போட்டுப் பார்த்ததும் எழுதுங்கள். பொருந்தியதா என்று எட்டுப் பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் அனார்

*

பிஷ்கெக்,
3 ஏப்ரல்

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? எல்லோரும் நலமா? பதினேழு நாளாகிறது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. வேன் தாத்தாவைப் பிடித்துக் கேட்டேன். அன்றைக்கே உங்கள் கையில் கொடுத்தேன், தேநீரும் குடித்துவிட்டு வந்தேன் என்கிறார். அப்புறம் என்ன?

சுருக்கியோ தளர்த்தியோ தர வேண்டுமென்றால் இப்போதே அனுப்புங்கள். மே பத்துக்கு இன்னும் ஐந்து வாரம்தான். தபால் போக ஒரு வாரம், வர ஒரு வாரம். யோசித்துப் பாருங்கள்.

அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா? அதையாவது எழுதுங்கள்.

கவலையோடு,
அனார்

*

அக்-தாஷ்,
10 ஏப்ரல்

அன்பு அனாருக்கு,

சலாம். நாங்கள் நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வீட்டில் ஒரே அமளி. நல்ல சேதி, கேள்! நம் பெகிமாய்க்குக் கம்மல் போட்டு நிச்சயம் செய்துவிட்டார்கள். மார்ச் 26ஆம் தேதி சம்பந்தி வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் கொச்கோர் பக்கத்திலிருந்து ஆறு பேர் வந்து இறங்கினார்கள். பையன் லாரி ஓட்டுகிறான். கருப்பு, ஆனால் லட்சணம். இவளும் அவனும் எப்போதோ பேசிவைத்திருக்கிறார்கள், கழுதைகள். ஓர் ஆட்டை அடித்தோம். சம்பந்தியம்மா நல்ல மாதிரி. நான் சுட்ட போர்சோக் பணியாரத்தை நாலு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சம்பந்தி மமிர்குல் ஓய்வு பெற்ற கால்நடை டாக்டர், வாயைத் திறந்தால் மாட்டு வயிற்றைப் பற்றித்தான் பேசுகிறார். கல்யாணம் செப்டம்பரில்.

பாதாமி மரங்கள் மொட்டு விட்டிருக்கின்றன. இந்த வருஷம் உறைபனி விழாமல் இருந்தால் காய் நிறைய வரும்.

உன் அண்ணன் சுகம். துணியைப் பற்றிக் கவலைப்படாதே.

அண்ணி

*

பிஷ்கெக்,
15 ஏப்ரல்

அண்ணிக்கு,

பெகிமாய் நன்றாக இருக்கட்டும். அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருக்கிறது. அத்தையின் ஆசீர்வாதத்தைச் சொல்லுங்கள்.

ஆனால், அண்ணி, ஆடு அடித்ததை எழுதினீர்கள், போர்சோக்கை எழுதினீர்கள், பாதாமி மொட்டைக்கூட எழுதினீர்கள். கோட்டைப் பற்றி நான் மூன்று கடிதமாகக் கேட்கிறேன், "கவலைப்படாதே" என்று ஒரே ஒரு வார்த்தை. கவலைப்படாதே என்று எப்போது சொல்வார்கள்? கவலைப்பட ஏதாவது இருக்கும்போதுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்காதீர்கள்.

நேற்று கலீனா வந்தாள். துணி வந்ததா என்று கேட்கத்தான் வந்தாள். வரவில்லை. மே மூன்றாம் தேதி அவள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். "ஒங்க அண்ணனுக்குப் பொருந்திச்சா?" என்று என்னைக் கேட்டாள். பொருந்தியது என்றேன். ஆறு வருஷம் வேலை இல்லாதவளிடம் பொய் சொன்னேன், அண்ணி. பொய்யா மெய்யா என்றே எனக்குத் தெரியாது, அதுதான் கொடுமை.

கோட்டு எங்கே?

அனார்குல்

*

அக்-தாஷ்,
20 ஏப்ரல்

அனார், என் கண்ணே,

சலாம் சொல்லக்கூட எனக்கு முகம் இல்லை. என்னை என்ன வேண்டுமானாலும் சொல். கோட்டு இல்லை. போய்விட்டது.

நீ அனுப்பியது வந்ததும் உன் அண்ணன் முன்னால் கட்டை அவிழ்த்தேன். "சம்பந்தி வீட்டு கியித், புது வீட்டுக்காக" என்று உன் பாடத்தை அப்படியே ஒப்பித்தேன். தொட்டுப் பார்த்தார். "நல்ல துணி" என்றார். மறுபடி கட்டிப் பெட்டியில் வைக்கச் சொன்னார். மே பத்தாம் தேதி எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும் என்று நானும் வைத்துப் பூட்டினேன். உனக்கு எழுத உட்கார்ந்தேன். அதற்குள் நவ்ரூஸ், அதற்குள் சம்பந்திகள்.

ஆறு பேர் வந்தார்களா? கிளம்பும்போது வெறும் தோளோடு அனுப்ப முடியுமா? பெண்களுக்குத் தலைத்துணி, இளவட்டங்களுக்குச் சட்டை என்று அங்கே இங்கே கடன் வாங்கிச் சேர்த்துவிட்டேன். மூத்த சம்பந்திக்கும் ஒரு சட்டையை ஒதுக்கியிருந்தேன். பெரிய மனிதருக்குச் சட்டை போதாதுதான். என்ன செய்வது, இருந்தது அவ்வளவுதான்.

எல்லோரும் எழுந்தாயிற்று. உன் அண்ணன் என் பக்கம் கையை நீட்டினார்.

"சாவி."

"எதுக்கு?"

"குடுன்னா குடு. சம்பந்தி எந்திரிச்சுட்டார்."

பெட்டியைத் திறந்து உன் வெள்ளைக் கட்டை எடுத்து வந்தார். "எங்க தங்கச்சி புகுந்த வீட்டுலேர்ந்து வந்தது. தொடாத துணி. உங்க தோளுக்கு, சம்பந்தி" என்று மமிர்குல் தோளில் போட்டுவிட்டார். நான் "அது..." என்றேன். ஆறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெகிமாய் காதில் புதுக் கம்மலோடு என்னைப் பார்க்கிறாள். "அது உங்களுக்கு ரொம்பப் பொருத்தமா இருக்கும் சம்பந்தி" என்று என் வாயே சொல்லிற்று.

பொருத்தமாவது! நீ வைத்த பஞ்சு அவரது இடது தோளைத் தூக்கிவிட்டது. மனிதர் ஒரு பக்கம் சாய்ந்தாற்போல நின்றார்.

அவர்கள் போனதும் கத்தினேன். "வேற என்ன இருந்துச்சு வீட்டுல? கியித்தா வந்துச்சு, கியித்தாப் போச்சு. எந்த வீட்டுல கியித் தங்கியிருக்கு?" என்றார். அது நியாயம்தானே, அனார்? எனக்கு உன் வீட்டிலிருந்து வந்த தலைத்துணிகளை நானே மூன்று பேருக்குப் போர்த்தியிருக்கிறேன். அந்தக் கட்டைப் பார்த்தால் யாருக்கும் கை தானாகப் போகும். நாம் இரண்டு பேரும் சேர்ந்து புத்திசாலித்தனமாக அப்படிக் கட்டினோமே, நம்மைத்தான் அடித்துக்கொள்ள வேண்டும்.

சம்பந்தியிடம் திருப்பிக் கேட்க முடியாது. கேட்டால் பெகிமாய் கல்யாணம் நிற்கும், ஏழு தலைமுறைக்குப் பேச்சும் நிற்கும். இருபது நாளில் இன்னொன்று தைக்க முடியுமா? கேட்பதற்கே நாக்குக் கூசுகிறது.

பாவி,
புருல்கான்

*

பிஷ்கெக்,
25 ஏப்ரல்

ஜோமார்ட் அண்ணனுக்கு,

உடம்பு நலமா?

அண்ணி எல்லாவற்றையும் எழுதிவிட்டார். அவரைத் திட்டாதீர்கள். திட்ட வேண்டியது என்னை, அடுத்தபடி உங்களை.

அது கியித் இல்லை, அண்ணா. என் மாமியாருக்கு அப்படி ஒரு கோட்டு போனதே தெரியாது. வேலைக்குப் போகத் துணி இல்லாதவர்களுக்காக நாங்கள் எட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை தைக்கிற கோட்டு அது. உங்களுக்காக வரிசையில் நின்ற ஒரு பெண்மணியைப் பின்னால் தள்ளினேன். அதை நீங்கள் மாட்டு டாக்டரின் தோளில் போட்டீர்கள்.

நேற்று பட்டறையில் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். யாரும் கத்தவில்லை. ராய்சா அக்கா கையை நீட்டினாள். "சாவியைக் குடும்மா" என்றாள். கொடுத்துவிட்டேன். இனி அந்த அலமாரியில் எனக்கு உரிமை இல்லை. இன்னொரு கோட்டு உங்களுக்கு வராது. துணியும் இல்லை, கேட்க வாயும் இல்லை. கலீனாவுக்கு என் குளிர்காலக் கோட்டைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. உங்களுக்கு வேலைக் கடிதம் வந்திருந்தது. கறுப்பு கோட்டு வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் இருந்த ஒரே கறுப்பு கோட்டு அது. அறுபது பேரை வைத்து வேலை வாங்கியவர் நீங்கள், கணக்குத் தெரியாதவர் இல்லை. எப்படி அண்ணா கை வந்தது?

அனார்குல்

*

அக்-தாஷ்,
30 ஏப்ரல்

அனார்,

நான் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும்.

அது கியித் இல்லை என்று எனக்குத் தெரியும். வந்த அன்றைக்கே தெரியும். கியித் துணியில் விலைச்சீட்டை யாராவது பிடுங்குவார்களா? நாலு பேர் பார்க்கட்டும் என்று அப்படியே விடுவார்கள். இதில் சீட்டே இல்லை. மறுநாள் மத்தியானம் புருல் சந்தைக்குப் போயிருந்தாள். சாவி எங்கே வைப்பாள் என்று தெரியும். கொட்டகைக்கு எடுத்துப் போய்ப் போட்டுப் பார்த்தேன். இடது தோள் வலதுக்குச் சமமாக நின்றது. கடையில் எவன் எனக்காகப் பஞ்சு வைத்துத் தைப்பான்? உன் கை என்று தெரிந்துவிட்டது. கோபம் வரவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

கொட்டகையில் ஓர் உடைந்த கண்ணாடி இருக்கிறது. அதில் பார்த்தேன். தொழிற்சாலையில் இருந்த ஜோமார்ட் நின்றுகொண்டிருந்தான். கழற்றி மறுபடி பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

நீ கேட்டாய், எப்படிக் கை வந்தது என்று. சொல்கிறேன். எனக்குப் பயம், அனார். கடிதம் வந்த நாளிலிருந்து பயம். தெரியாதவர்களிடம் பேசி எத்தனை வருஷம் ஆகிறது! ரொட்டிக் கடையில் நாக்குக் குழறுகிறது. முதல் நாள் போய், இரண்டாம் நாள் "நீங்க சரிப்பட மாட்டீங்க, வர வேணாம்" என்று சொல்லிவிட்டால்? வேலை இல்லாதவனாக இருக்க எனக்குப் பழகிவிட்டது. இன்னொரு தடவை வேலை போனவனாக இருக்க என்னால் முடியாது. கோட்டு இல்லாதவரைக்கும் எனக்கு ஒரு சாக்கு இருந்தது. நீ அதையும் தைத்து அனுப்பிவிட்டாய்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் வெல்வெட் அங்கி கொட்டகையில் இருக்கிறது. புருல் விற்கச் சொல்வாள் என்று நான் ஒளித்து வைத்தது. அவளுக்குத் தெரியாது. சம்பந்தி எழுந்தபோது அது எனக்கு ஞாபகம் இருந்தது. பத்து எட்டு வைத்தால் எடுத்து வந்திருக்கலாம். எடுக்கவில்லை. உன் கோட்டை அவர் தோளில் போட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தப் பெண்மணியைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போட்டிருப்பேனோ என்னவோ. வெட்கமாக இருக்கிறது.

இதைப் புருலிடம் சொல்லிவிடாதே.

ஜோமார்ட்

*

தந்தி
பிஷ்கெக், 5 மே

ஜோமார்ட் அண்ணனுக்கு. கோட்டு போனால் போகட்டும். எதைப் போட்டுக்கொண்டாவது போங்கள். பயந்துகொண்டே போங்கள். அனார்.

*

அக்-தாஷ்,
12 மே

என் தங்கமான ஊசிக்காரிக்கு,

அண்ணியின் ஆசைச் சலாம். நீ நலமா, முதுகு நலமா, கலீனா அம்மாவுக்குத் துணி தைத்து முடித்தாயா? அடுத்த குளிருக்கு உனக்குக் கோட்டு இல்லையே என்பதுதான் எனக்குக் கவலை. பொறு, முதலில் சேதியைச் சொல்கிறேன்.

தந்தி அடித்தாயே மகராசி, தந்தியைத் தபால்காரி எப்படிக் கொடுப்பாள் என்று யோசித்தாயா? வேலிக்கு வெளியே நின்றுகொண்டு தெருவே கேட்கப் படித்தாள். "பயந்துகொண்டே போங்கள்!" எதிர்வீட்டுக்காரி பால் கறப்பதை நிறுத்திவிட்டாள். "யாரு பயப்படறாங்க? எங்க போகணும்?" என்கிறாள்.

உன் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்தேன் என்றால் பார்த்துக்கொள். சாயங்காலம்வரை இருந்துவிட்டு எல்லாவற்றையும் அவரே சொன்னார். கொட்டகை, கண்ணாடி, அங்கி, எல்லாம். கேட்டு முடித்துத் திட்டினேன். சேர்த்துவைத்து எட்டு வருஷத்துக்கும் திட்டினேன். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம்.

மறுநாள் விடிந்ததும் அவரே எழுந்து அங்கியை உதறித் துணியில் கட்டி எடுத்துக்கொண்டார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"சம்பந்தி வீட்டுக்கு."

"ஐயோ! கியித்தைத் திருப்பிக் கேக்கப் போறீங்களா? பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போடாதீங்க!"

பெகிமாய் அறையிலிருந்து வந்தாள். "போகட்டும்மா" என்றாள். "இதுக்கு நின்னுபோற கல்யாணம் நிக்கட்டும்." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுத சத்தம் எனக்குக் கேட்டது, அவருக்கும் கேட்டது. ஆனாலும் பஸ் ஏறிவிட்டார்.

அனார், அந்த ஒன்றரை நாள் எனக்கு உயிர் என்னிடம் இல்லை. ரொட்டி சுட்டேன், கரித்துவிட்டேன்.

அங்கே நடந்ததை அவர் வாயால் கேட்டபடி எழுதுகிறேன். வாசலில் கால் வைத்ததுமே அங்கியைச் சம்பந்தி தோளில் போர்த்திவிட்டாராம். பிறகு உட்காரக்கூட இல்லையாம்.

"சம்பந்தி, நான் எட்டு வருஷமா வேலை இல்லாதவன். இப்ப ஒரு வேலை வந்திருக்கு. அன்னிக்கு உங்களுக்குப் போட்டது என் வேலைக் கோட்டு. திருப்பிக் குடுங்க."

சம்பந்தியம்மா கையிலிருந்த தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாளாம்.

"ஐயோ சம்பந்தி, அது இங்க இல்லையே! போன வாரம் என் தம்பி வீட்டுக் கல்யாணத்துல அவங்க சம்பந்திக்குப் போர்த்திட்டோம். இவரு போட்டா ஒருபக்கமா சாயறாரு, எதுக்கு வச்சுக்கணும்னுதான்."

பார்த்தாயா? உன் கோட்டு இப்போது எந்த மலைக்கு அப்பால் எவன் தோளில் இருக்கிறதோ! உன் அண்ணன் "சரி சம்பந்தி, மன்னிச்சுக்குங்க" என்று திரும்பியிருக்கிறார். மமிர்குல் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாராம்.

"எங்க போறீங்க? வெறும் தோளோட எங்க வாசலைத் தாண்ட விட்டுடுவேனா? நான் அரசாங்கத்துல இருந்தப்போ கூட்டத்துக்குப் போடற கோட்டு ஒண்ணு இருக்கு. மாடு தொடாத கோட்டு அது ஒண்ணுதான்."

கோட்டை அவர் கொடுத்தார், பேன்ட்டை மூத்த மகன் கொடுத்தான். சம்பந்தியம்மா வழிக்குக் கறி கட்டிக் கொடுத்து ஒரு வார்த்தை சொன்னாளாம். "மூஞ்சிக்கு நேரா இப்படிக் கேக்கற வீட்டுலேர்ந்து பொண்ணு வந்தா எனக்கு நிம்மதி. மாமியாருக்குத் தெரியாம வெண்ணெய் எடுத்துத் திங்க மாட்டா!" பெகிமாயிடம் சொன்னேன். சிரித்தாள், மறுபடி அழுதாள். கல்யாணம் நிற்கவில்லை.

கோட்டு வயிற்றில் தொளதொளக்கிறது. பேன்ட் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நிற்கிறது. மடிப்பைப் பிரித்து இழுத்துவிட்டேன். இடது தோளுக்குப் பஞ்சு வைத்தேன். உன் கை வராது, ஆனாலும் நிற்கிறது. வெயிலில் பார்த்தால் கறுப்பே இல்லை, கருநீலம்.

பத்தாம் தேதி காலை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வாசல்வரை போனார். நின்றுவிட்டார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "புருல், நீ உள்ளே போ. நீ பாத்துக்கிட்டு நின்னா நான் திரும்பி வந்துடுவேன்" என்றார். நான் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்த சத்தம் கேட்டது, போன சத்தமும் கேட்டது. ஏறினாரா இல்லையா என்று போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அரைமணி கழித்துப் பெகிமாய்தான் போய்ப் பார்த்து, "ஆளைக் காணோம்மா" என்றாள்.

சாயங்காலம் ஏழு மணிக்கு வந்தார். விடுதி மேலாளர் கோட்டை மேலும் கீழும் பார்த்து, "இதா கறுப்பு?" என்றானாம். "வெளியில நீலம், உள்ள வந்தா கறுப்பு. கூட்டிட்டுப் போய்ப் பாருங்க" என்று இவர் சொன்னாராம். அவன் சிரித்துவிட்டு உள்ளே விட்டானாம். என் வீட்டுக்காரரா இப்படிப் பேசினார் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. சும்மா நிற்கும்போதெல்லாம் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டாராம். மூன்று சாவிகளை மாற்றிக் கொடுத்துவிட்டாராம். யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லையாம்.

சூப் இரண்டு கிண்ணம் குடித்தார். கோட்டை நாற்காலியில் மாட்டினார். சோபாவில் படுக்கவில்லை, உள்ளே கட்டிலுக்குப் போனார். விளக்கை அணைக்கப் போகும்போது என்னைக் கூப்பிட்டார்.

"புருல், நாளைக்கு ஆறு மணிக்கு எழுப்பு."

எழுப்பினேன், அனார். இன்றைக்கும் எழுப்பினேன்.

உன்னைக் கட்டிக்கொண்டு விடாமல் இருக்கும்,
அண்ணி